மாடு இல்லை

பூண்டுத் தோல் ஒட்டிய யூரியாச் சாக்கு.
நாற்றத்துக்குப் பயந்து கண்டக்டர்
லக்கேஜ்கூடப் போடவில்லையாம்.
மன்னவனூர் மருந்தக வாசலில் இறக்கிவைத்துக்
குழந்தைவேலு சொன்னார்:
"புலி அடிச்சிருச்சு டாக்டரம்மா. செவலை. ஆறு மாசச் சினை."
மனு தயாராக இருந்தது,
என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

பேப்பர் விரித்துக் கொட்டினேன்.
சோலையோரப் பள்ளத்தில் மழை கழுவிய எலும்புகள்.
கொஞ்சம் பாசி, கொஞ்சம் சீகை இலை.
தலை இல்லை, அதனால் கொம்பும் இல்லை.
இடுப்பை எதுவோ மென்று துப்பியிருந்தது.
முழுசாக வந்தது ஒரு முன்னங்கால்.

போதும்.
முன்னங்காலுக்குப் பொய் சொல்ல வராது.

எனக்கு முன் இங்கே இருந்தவர்
ஒரு பிஸ்கட் டின்னை விட்டுப் போயிருந்தார்.
அதிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாய்ப் பக்கத்தில் வைத்தேன்.
மாட்டுக்கு, முட்டிக்குக் கீழே நீள எலும்பு
இரண்டு விரல் சேர்ந்து ஒன்றானது.
சேர்த்த தையல் முகப்பில் இன்னும் தெரியும்,
நுனியில் மறுபடி பிரிந்து இரண்டு உருளை:
ஒரே வீட்டில் தனி உலை வைக்கும் அண்ணன் தம்பி.
ஆட்டுக்கும் அதே கதை, சின்ன எழுத்தில்.
பன்றி நாலு விரலை வைத்துக்கொண்டது,
இரண்டு நடக்க, இரண்டு சேற்றுக்கு.
நாய்க்கு ஐந்து;
ரேடியஸும் அல்னாவும் கடைசிவரை தனித்தனி,
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு.

என் கையில் இருந்ததில் தையல் இல்லை.
ஒரே தூண். ஒரே உருளை,
அதன் நடுவே ஒரு வரப்பு.
பின்பக்கம் இருபுறமும் இரண்டு குச்சிகள்,
ஊசியாய்த் தேய்ந்து, குளம்பை எட்டாமலே நின்றவை.
மேலே அல்னாவும் அப்படித்தான்:
முழங்கையில் பெரிய ஆளாய்த் தொடங்கி
பாதி வழியில் ரேடியஸுக்குள் காணாமல் போயிருந்தது.
மாடாக இருந்தால் முட்டிவரை வந்திருக்கும்.

"மாடு இல்லைங்க இது."
"பின்னே?"
"மட்டக்குதிரை."

மனுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
முதலில் பணம் போன முகம்.
அப்புறம், மேகம் விலகப் பள்ளத்தாக்கு தெரிவதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு முகம்.
"அப்ப என் செவலை..."
"இந்தச் சாக்கில் இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

மனுவை மடித்துப் பையில் வைத்தார்.
கிழிக்கவில்லை. விவரமான ஆள்.
சாக்கை மறந்துவிட்டு
மூன்றரை பஸ்ஸுக்கு ஓடினார்.

குதிரை என்னோடு தங்கிவிட்டது.
உள்பக்கக் குச்சியில் பட்டாணி அளவு முடிச்சு:
எலும்பு முற்றாத வயதில் பாரம் ஏற்றினால் வருவது.
பூண்டு மூட்டையாக இருக்கும்.
சீசன் முடிந்ததும் அவிழ்த்துவிட்டிருப்பார்கள், தீனிச் செலவு மிச்சம்;
அட்டைப்பெட்டி தின்று திரிந்திருக்கும்.
தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது.
முன்னங்காலை உடம்போடு
எந்த எலும்பும் சேர்க்கவில்லை,
இருப்பது வெறும் சதை.
இரண்டு கால்களுக்கு நடுவே
தூளியில் கிடக்கிறது உடம்பு.
அந்தத் தூளியின் மேல்தான் மூட்டை ஏற்றுகிறோம்,
அதோடு சரிவில் இறங்கச் சொல்கிறோம்,
நடுவிரல் நகத்தில்.

குழாய்த் தண்ணீரில் கை கழுவினேன்.
குளிரில் என் பத்து விரலும் மரத்துப்போக
எது எதுவென்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.
பதிவேட்டில் இனம் எழுதினேன்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

மறுநாள் கண்டக்டர் சொன்னான்:
பூம்பாறை போகிறவரை அந்தாள்
ஜன்னலில் தலையை நீட்டி
ம்பா, ம்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம்,
பஸ்ஸே சிரித்ததாம்.
கவுஞ்சி பிரிவில் குப்பைத்தொட்டி ஓரம்
ஒரு மட்டக்குதிரை மட்டும்
தலை நிமிர்த்திப் பார்த்ததாம்.